பதில் வராத படிவம்: ஒரு புலம்பெயர்ந்த குடும்பமும் எச்பிவி தடுப்பூசியும்

14 வயது 8 மாதம் ஆன பெண் பிள்ளை. பள்ளி வழியாகப் போடப்படும் தடுப்பூசிகளின் பதிவில், எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) என்ற வரிக்கு நேராக 'பெற்றோர் மறுத்துவிட்டனர்' என்று இருந்தது. அந்தப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசினால் அவர்கள் எதையும் மறுத்ததாகவே தெரியவில்லை. அவர்களிடம் யாரும் ஒழுங்காகக் கேட்கவே இல்லை, அதுதான் நடந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தத் தடுப்பூசி ஏன் விட்டுப்போகிறது என்று பேச்சு வந்தாலே 'அவங்க கலாசாரம் அப்படி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற பழக்கம் எங்கள் துறையில் உண்டு. அந்த வரி எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அது எவ்வளவு தவறு என்பதை இந்த ஒரு குடும்பத்தை வைத்தே காட்ட முடியும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கிருந்து வந்தார்கள், எங்கே குடியேறினார்கள் என்பதையும் சொல்லப்போவதில்லை. இதே கதை பல நாடுகளில், பல மொழிக்காரர்களுக்கு, கிட்டத்தட்ட இதே வரிசையில் நடக்கிறது.

எப்படி விட்டுப்போனது

அப்பா, அம்மா, இந்த மகள், 10 வயதில் ஒரு மகன். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு இரவு வேலை. அம்மாவுக்கு 38 வயது, படித்தவர், சொந்த நாட்டில் அலுவலக வேலை பார்த்தவர், இங்கே வந்தபிறகு மொழி இன்னும் கைக்கு வராததால் வீட்டோடு இருக்கிறார். வீட்டில் இந்த நாட்டு மொழியைத் தடையில்லாமல் படிக்கிற ஒரே ஆள் மகள்தான். வங்கிக் கடிதம், மின்கட்டண பில், தம்பியின் பள்ளி அறிவிப்பு என்று எது வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும், டாக்டரிடம் போனாலும் அவள்தான் நடுவில் உட்கார வேண்டும்.

இங்கே எச்பிவி தடுப்பூசியைப் பள்ளியிலேயே, 12 வயதுப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் போடுகிறார்கள். இவள் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை வயது. அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள், அந்த வகுப்புக்குப் போன வருடமே ஊசி போட்டு முடிந்திருந்தது. சொந்த நாட்டில் அவள் இருந்தவரை அரசு அட்டவணையில் இந்தத் தடுப்பூசி கிடையாது. ஆக அங்கே இன்னும் வரவில்லை, இங்கே ஏற்கெனவே முடிந்துவிட்டது. யாரும் தவறு செய்யாமலேயே ஒரு பிள்ளை இரண்டு அட்டவணைகளுக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். குடியேறும் பிள்ளைகளிடம் நான் பார்க்கிற மிகச் சாதாரணமான காரணம் இதுதான், ஆனால் காரணப் பட்டியல்களில் இது கடைசியில்தான் வரும், 'நம்பிக்கைகள்' முதலில் வரும்.

விடுபட்டவர்களுக்காக ஒரு கடிதமும் ஒப்புதல் படிவமும் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கின்றன. நான்கு பக்கம், இந்த நாட்டு மொழியில் மட்டும். அம்மா மகளிடம் என்ன என்று கேட்டிருக்கிறார். மகள் பார்த்துவிட்டு, "ஏதோ ஊசிம்மா, கட்டாயம் இல்லையாம்" என்றிருக்கிறாள். நினைவூட்டல் ஒன்று வந்திருக்கிறது, அதற்கும் பதில் போகவில்லை. குறிப்பிட்ட தேதி தாண்டியதும் அலுவலகத்தில் யாரோ 'மறுப்பு' என்று போட்டுவிட்டார்கள். அந்தப் பதிவேட்டில் சரி, மறுப்பு என்ற இரண்டு தேர்வுகள்தான் இருந்தன. மறுப்பு என்று விழுந்துவிட்டால் அதன் பிறகு கடிதமும் வராது, போனும் வராது.

இது எங்கள் கண்ணில் பட்டதே தற்செயல். தம்பிக்குப் பள்ளி மாற்றத்துக்காகத் தடுப்பூசிச் சான்று தேவைப்பட்டது, அதற்காகக் குடும்பத்தோடு வந்தார்கள். தம்பியின் பதிவைத் திறக்கும்போது அக்காவின் பதிவும் பக்கத்திலேயே வந்தது. எனக்கு அந்த அம்மாவின் மொழி தெரியும் என்பதால் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், "மகளுக்கு இந்த ஊசி வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களே, ஏதாவது காரணம் இருக்கா?" என்று. அவர் திகைத்துப் போனார். நான் எங்கே சொன்னேன் என்று கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பாஸ்போர்ட் நகல்கள், வாடகை ஒப்பந்தம், குடியிருப்பு அனுமதிக் கடிதம் எல்லாம் அதில் இருந்தன. அவற்றுக்கு நடுவில், நான்காக மடித்து, அந்தப் படிவம். சம்மதம் என்ற கட்டத்திலும் குறியில்லை, சம்மதமில்லை என்ற கட்டத்திலும் குறியில்லை. மேல் ஓரத்தில் பென்சிலில் மகளின் கையெழுத்தில் 'ஊசி. அவசரம் இல்லை' என்று எழுதியிருந்தது.

"சிஸ்டர், நான் வேண்டாம்னு சொல்லலை. இன்னும் முடிவு பண்ணலை, அவ்வளவுதான். யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியலை, அதான் பத்திரமா வச்சிருந்தேன்."

ஒரு வருடத்துக்கு மேலாக அதை உடன் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். பதிவேட்டின்படி அவர் மறுத்தவர்.

ஏன் அன்றைக்கே பேச வேண்டியிருந்தது

மகளுக்கு 15 வயது முடிய நான்கு மாதம்தான் இருந்தது. இந்தத் தடுப்பூசியில் 15 ஒரு முக்கியமான எல்லை. முதல் டோஸ் 15 வயதுக்கு முன் போட்டால், ஆறு மாதம் கழித்து இன்னொன்று, அத்தோடு முடிந்தது. 15 தாண்டி ஆரம்பித்தால் இங்கே இப்போதும் மூன்று டோஸ் கேட்கிறார்கள். 9 முதல் 14 வயது வரை உடல் காட்டுகிற நோய் எதிர்ப்பு வலுவாக இருப்பதுதான் காரணம். எல்லா நாட்டிலும் இதே கணக்கு இல்லை. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரே டோஸும் போதும் என்று ஏற்றுக்கொண்டது, 2023-ல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் பிள்ளைகளுக்கு ஒரே டோஸுக்கு மாறின. இதுவே குடியேறும் குடும்பங்களுக்கு இன்னொரு குழப்பம்: ஒரு நாட்டில் ஒரு டோஸோடு 'முடிந்தது' என்று அட்டை கொடுத்திருப்பார்கள், இன்னொரு நாட்டில் போய்க் காட்டினால் 'பாதிதான் போட்டிருக்கிறது' என்பார்கள். அட்டையை எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள், அது எந்த மொழியில் இருந்தாலும்.

பேசுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். மகளைத் தம்பியோடு வெளியே உட்காரச் சொன்னேன். அது முக்கியமான முடிவு என்று பிறகுதான் முழுதாகப் புரிந்தது, ஏனென்றால் பின்னால் அவளிடம் தனியாகப் பேசியபோது அவளே சொன்னாள்: கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று எழுதியிருந்ததாம், அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வெட்கமாக இருந்ததாம், அதனால் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டு 'கட்டாயம் இல்லையாம்' என்று முடித்துவிட்டாளாம். 13 வயதுப் பிள்ளை வேறு என்ன செய்வாள்? இந்தச் சுமையை அவள் தோளில் ஏற்றியவர்கள் பெரியவர்கள்தான். குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளராகப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் உடலைப் பற்றியே சம்மதம் வாங்கப் பார்க்கிற ஏற்பாடு எந்த ஊரிலும் சரியாக வராது.

அம்மாவின் கேள்விகள்

முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். "கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு?"

இதைப் பழமை என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவ ரீதியாகவும் நல்ல கேள்வி, அதற்கு நேரான பதிலும் இருக்கிறது. தடுப்பூசியால் உடலுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை விரட்ட முடியாது. புகுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அதனால் சின்ன வயதில் போடுகிறோம். மகள் இன்று எப்படி நடந்துகொள்கிறாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. உலகில் உடலுறவு வாழ்க்கை உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் வந்து போகிறது, பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடுகிறது, போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் 15, 20 வருடம் கழித்துக் கருப்பைவாய்ப் புற்றுநோயாக மாறுகிறது. திருமணம் செய்துகொண்டு ஒருவரோடு மட்டும் வாழ்கிற பெண்ணுக்கும் இது வரலாம், கணவர் முன்பு எப்போதோ வாங்கிவந்தது போதும். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அப்ப இது பொண்ணோட ஒழுக்கத்தைப் பத்தின ஊசி இல்ல" என்றார். ஆமாம் என்றேன். ஊசி போட்ட பிள்ளைகள் சீக்கிரமே உறவுகளில் இறங்கிவிடுவார்களோ என்ற பயத்தையும் கேட்டார். பல நாடுகளில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், அப்படி எந்த வேறுபாடும் இல்லை.

இரண்டாவது கேள்வியை நேராகக் கேட்க அவருக்குத் தயக்கமாக இருந்தது, சுற்றிச் சுற்றி வந்தார். குழந்தை பிறக்காமல் போகுமா என்பதுதான் அது. எந்த நாட்டுக் குடும்பம் வந்தாலும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள். பதில்: தடுப்பூசியில் வைரஸே கிடையாது. வைரஸின் மேலோட்டில் உள்ள ஒரே ஒரு புரதத்தை, கார்டசில் என்ற தடுப்பூசிக்கு ஈஸ்ட் செல்களிலும் செர்வாரிக்ஸ் என்ற தடுப்பூசிக்குப் பூச்சி செல்களிலும் தயாரிக்கிறார்கள். அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடிக் காலியான ஓடுபோல உருவாகும், உள்ளே மரபணு எதுவும் இல்லாததால் தொற்றும் வராது, புற்றுநோயும் வராது. கருவுறுதலைக் கெடுக்கிறது என்பதற்கு இத்தனை வருடக் கண்காணிப்பில் சான்று எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, ஊசி போடாமல் விட்டு, கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் வந்து அந்தப் பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தால் பின்னால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. புற்றுநோயே வந்தால் கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். பேரக்குழந்தை வேண்டும் என்று நினைக்கிற ஒரு அம்மாவுக்கு இந்த ஊசியை விடப் பொருத்தமான ஊசி இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறேன். பன்றிக் கொழுப்போ ஜெலட்டினோ இருக்கிறதா என்றும் சிலர் கேட்பார்கள். இந்த இரண்டு தடுப்பூசிகளிலும் ஜெலட்டின் கிடையாது.

பக்கவிளைவு பற்றி மறைக்க எதுவுமில்லை. கை வலிக்கும், வீங்கலாம், லேசாகக் காய்ச்சலும் தலைவலியும் வரலாம். வளரிளம் வயதினர் எந்த ஊசிக்குமே மயங்கி விழக்கூடியவர்கள், அதனால் 15 நிமிடம் உட்கார வைக்கிறோம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய 2 என்ற அளவில்தான். 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, அதுவரை விநியோகமான 27 கோடி டோஸ்களின் அனுபவத்தைப் பார்த்து, இது மிகவும் பாதுகாப்பானது என்றது.

பெரியப்பாவின் வீடியோ

அன்று சம்மதம் வாங்கவில்லை, வாங்கவும் முயலவில்லை. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் திரும்ப வந்தபோது முகம் மாறியிருந்தது. மகளின் பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்: இந்தியாவில் இந்த ஊசி போட்ட ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள் என்று.

இப்படி ஒன்று வந்தால் 'அதெல்லாம் வதந்தி' என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவை நிரந்தரமாக இழந்திருப்பேன், ஏனென்றால் அந்த இறப்புகள் உண்மை. 2009-ல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு செயல்விளக்கத் திட்டமாக எச்பிவி தடுப்பூசி போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தியவை. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளில் ஏழு பேர் இறந்தார்கள் என்ற செய்தி வெடித்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது ஒரு பிள்ளை நீரில் மூழ்கி, ஒரு பிள்ளை பாம்பு கடித்து, சிலர் பூச்சிமருந்து குடித்து, ஒரு பிள்ளை மலேரியாவால் என்று காரணங்கள் தெரிந்தன. தடுப்பூசிதான் காரணம் என்று எந்த இறப்பிலும் நிரூபணமாகவில்லை.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதே விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது: ஆந்திரத்தின் விடுதிப் பள்ளிகளில் படித்த பல பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. மக்கள் மனத்தில் பயம் உட்கார்ந்ததற்குத் தடுப்பூசி காரணமில்லை. அவர்களைக் கேட்காமல் அவர்கள் பிள்ளைகள் மேல் கை வைத்ததுதான் காரணம். அந்த அம்மாவிடம் இதை இப்படியே சொன்னேன். "அவங்ககிட்ட கேட்கவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என்கிட்டயும்தான் கேட்கலை" என்றார். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் சொன்னதில் இருந்த நியாயத்தை மறுக்க முடியவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்தொடர்ச்சி உண்டு, பலருக்குத் தெரியாது. அதே சமயத்தில் இந்தியாவில் தனியாக இன்னொரு பெரிய ஆய்வும் நடந்துகொண்டிருந்தது, பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நடத்தியது, இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஒப்பிடுவதற்காக. 2010-ல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியபோது அதுவும் நின்றது, அதனால் கிட்டத்தட்ட 5 ஆயிரம் பெண்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்து வருடம் போலக் கழித்துப் பார்த்தால், இந்தப் புற்றுநோயை அதிகம் உண்டாக்குகிற 16, 18 என்ற வைரஸ் வகைகளின் நீடிக்கும் தொற்றுகளுக்கு எதிராக ஒரு டோஸின் பாதுகாப்பும் மற்றவற்றோடு ஒப்பிடக்கூடியதாக 95 சதவீத அளவில் இருந்தது. இன்று ஏழை நாடுகள் ஒரே டோஸில் அதிகப் பிள்ளைகளுக்குப் போட முடிவதற்குப் பின்னால் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள்.

அப்பாவின் பயம் வேறு

அப்பா நேரில் வர முடியவில்லை, வேலைக்குக் கிளம்பும் முன் ஸ்பீக்கரில் பேசினார். ஊசியால் கெடுதல் வருமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேடம், நாங்க வேண்டாம்னா விசா புதுப்பிக்கிறப்போ பிரச்சினை பண்ணுவாங்களா? சரின்னா, அந்த விவரம் யாருக்கெல்லாம் போகும்?" இதுதான் அவர் கவலை. மகளுக்குப் பின்னால் ஏதாவது மருத்துவப் பதிவு ஒட்டிக்கொண்டு குடியுரிமை விண்ணப்பத்தில் நின்றுவிடுமோ என்று பயந்திருக்கிறார்.

இதையும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் சொன்னதாக அவர் சொன்ன சங்கதி உண்மையிலேயே நடந்தது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி (கிரீன் கார்டு) கேட்பவர்கள், தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைக்கிற தடுப்பூசிகளைப் போட்டிருக்க வேண்டும் என்று 1996-ல் சட்டம் வந்தது. கார்டசில் 2006-ல் அனுமதி பெற்று அந்தப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்ததும், 2008 ஆகஸ்ட் முதல் கிரீன் கார்டு கேட்கிற 11 முதல் 26 வயதுப் பெண்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. அமெரிக்கக் குடிமக்களின் மகள்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான கட்டாயம் இல்லை, குடியேறுகிறவர்களின் மகள்களுக்கு மட்டும் இருந்தது. அப்போது மூன்று டோஸுக்கும் சேர்த்து சுமார் 360 டாலர் ஆகும். பெண்கள் அமைப்புகளும் குடியேறியோர் அமைப்புகளும் எதிர்த்தன, 2009 டிசம்பர் 14 முதல் கட்டாயம் நீக்கப்பட்டது. நான் இந்தத் தடுப்பூசியை முழு மனதோடு ஆதரிக்கிறவள். ஆனாலும் அந்த விதி தவறு என்றே சொல்வேன்: நல்ல மருந்தை ஒரு கூட்டத்தின் மேல் மட்டும் நிபந்தனையாகத் திணித்தால், அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கூட்டத்துக்கு அது மருந்தாகவே தெரியாது.

அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே இது கட்டாயம் இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் குடியேற்ற அலுவலகத்துக்கு இதில் வேலை இல்லை. மகளின் வயதில் இலவசம். இதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார், கொடுத்தோம். அந்த ஒரு தாள்தான் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

மகளும் பேச வேண்டும்

பெற்றோர் சம்மதித்துவிட்டால் போதும் என்று பிள்ளையை மறந்துவிடுகிறோம். இவளிடம் அம்மா முன்னிலையில் கொஞ்சமும், தனியாகக் கொஞ்சமும் பேசினேன். அவளுக்கு அறிவியலில் ஆர்வம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்த வைரஸின் 16-ஆம் வகை இருப்பதை ஹரால்ட் சூர் ஹவுசன் குழு 1983-ல் கண்டுபிடித்தது, அதற்காக அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது என்றேன், கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது தடுப்பூசியில் உள்ள அந்தக் காலி ஓடுபோன்ற அமைப்பைச் செய்தவர்களின் கதை. பிரிஸ்பேனில் 1991-ல் அதை ஆய்வகத்தில் உருவாக்கியவர்கள் இயான் ஃப்ரேசரும் ஜியான் சோவும், சோவின் மனைவி சியாவ்-யீ சுன்னும். ஃப்ரேசர் ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர், சோவும் சுன்னும் சீனாவிலிருந்து வந்தவர்கள். தடுப்பூசி மக்களுக்கு வருவதைப் பார்க்காமலே சோ 1999-ல் இறந்துபோனார். "மூணு பேருமே வெளியூர்லேர்ந்து போனவங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம் ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்டாள், அதையும் எடுத்துக் காட்டினேன்.

15 வயதுக்கு மூன்று மாதம் இருக்கும்போது முதல் டோஸ் போட்டோம். இடது கை, ஏனென்றால் வலது கையால் அடுத்த நாள் பரீட்சை எழுத வேண்டும். மயக்கம் வரவில்லை, 15 நிமிடமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கை கனமாக இருந்ததாம், அத்தோடு சரி. இரண்டாவது டோஸ் ஆறு மாதம் கழித்து. அதற்குள் 15 தாண்டிவிட்டது, ஆனாலும் முதல் டோஸ் அதற்கு முன் போட்டதால் மூன்றாவது தேவைப்படவில்லை. தேதி தாண்டிவிட்டதே என்று இரண்டாவதை விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. எவ்வளவு தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அம்மா

பேச்சின் நடுவில் அந்த அம்மா கேட்டார், "இந்த நோய் வராம எனக்கு யாராவது பார்த்திருக்காங்களா?" பார்த்ததில்லை. 38 வயது வரை ஒருமுறைகூட அவருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை நடந்ததில்லை. குடியேறிய பெண்களிடம் இது சர்வ சாதாரணம். அழைப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், அல்லது ஆண் டாக்டர் பார்ப்பார் என்ற பயம், அல்லது சும்மா யாரும் சொல்லவில்லை. இப்போது பல இடங்களில் பெண்ணே தனியறையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம், யாரும் பரிசோதிக்க வேண்டியதில்லை. அவர் அன்றே எடுத்துக் கொடுத்தார். வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது.

மகளின் தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிற அதே இருக்கையில் அம்மாவின் பரிசோதனையைப் பற்றியும் பேசாமல் விடுவது பெரிய இழப்பு. 2022-ல் மட்டும் உலகில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, மூன்றரை லட்சம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வசதி குறைந்த நாடுகளில். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கிலும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன: 2030-க்குள் 90 சதவீதப் பெண் பிள்ளைகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒன்றும் 45 வயதுக்குள் ஒன்றுமாகப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்ட 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. ஊசி போட்ட மகளும் பெரியவளானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஒன்பது வகைகளைத் தடுக்கிற இன்றைய தடுப்பூசிகூட இந்தப் புற்றுநோயில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணமான வகைகளைத்தான் தடுக்கிறது.

பலன் உண்மையில் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று நாடுகளைச் சொல்வேன். சுவீடனில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி கிடைத்த தலைமுறையில் 87 சதவீதம் குறைவு. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுதாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள். மகனுக்கும் போடலாமா என்று அப்பா பிற்பாடு கேட்டபோது, போடலாம் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது: தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களிலும் இதே வைரஸுக்குப் பங்கு உண்டு. பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள்.

பிறகு என்ன மாற்றினோம்

எங்கள் கிளினிக்கில் இப்போது 'மறுப்பு' வேறு, 'பதில் இல்லை' வேறு. வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னவர்கள் மட்டும்தான் மறுத்தவர்கள். அப்படியும் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன ஒரு குடும்பம் உண்டு, அவர்கள் முடிவை மதிக்கிறோம், அடுத்த வருடம் மறுபடி கேட்கலாமா என்று அனுமதியும் வாங்கிக்கொண்டோம். பதில் இல்லாதவர்களுக்கு அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் போன் செய்கிறார். இந்த விஷயத்தில் வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதில்லை. புதிதாக வந்து சேரும் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதோடு விடாமல், அந்த வகுப்புக்குள் என்னென்ன ஏற்கெனவே போட்டு முடித்தார்கள் என்று பார்த்து, அந்த ஊசிகளைத் தேடுகிறோம். பள்ளி சுகாதாரப் பிரிவின் பதிவேட்டில் இன்னும் அந்த இரண்டு தேர்வுகள்தான். மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

இன்னும் கைக்கு வராதவர்கள் 16, 17 வயதில் வந்து சேர்கிற பிள்ளைகள். பள்ளியில் ஊசி போடுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது, மூன்று டோஸ் தேவை, இலவச வயது முடிய அதிக நாள் இல்லை, அவர்களில் பலர் பகுதி நேர வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் வீடுகளுக்கு இப்போது மாலை ஆறு மணிக்கு மேல்தான் போன் செய்கிறோம், அப்போதுதான் அப்பாவோ அம்மாவோ எடுக்கிறார்கள்.